டிப்போ கடிகாரத்துக்கு விக்கல்

டாங்! டிங்! டாங்! குக்கூ! கிர்ர்ர்ர்!

மணி ஐந்து. கடிகார மாமாவின் கடையில் இருந்த முப்பத்திரண்டு கடிகாரங்களும் வாயைத் திறந்துவிட்டன. இரண்டு கடிகாரங்கள் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாலேயே ஆரம்பித்தன. மூலையில் இருந்த குண்டுக் கடிகாரம் ஒன்று, மற்றவை எல்லாம் முடிக்கட்டும் என்று காத்திருந்து தன் பங்கைத் தனியாக அடித்தது. வாசலில் நின்ற வாலு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சந்தோஷமாகக் கத்தினான். அவன் என்ன கத்தினான் என்பது அவனுக்கே கேட்கவில்லை.

வாலுவுக்கு ஐந்து வயது. அவனுடைய அக்கா தும்பிக்குப் பத்து வயது. ஓர் இடத்தில் நிற்காமல் அங்கே இங்கே பறந்துகொண்டே இருப்பாள். எதையாவது பார்த்துவிட்டால் மட்டும் அந்தரத்தில் நின்ற மாதிரி அப்படியே நின்றுவிடுவாள். அதனால்தான் வீட்டில் அந்தப் பெயர்.

அந்த இரைச்சலுக்கு நடுவே தும்பி குரலை உயர்த்திக் கேட்டாள். "மாமா, உங்களைப் படம் பிடிக்கலாமா?"

கடிகார மாமா நிமிர்ந்தார். ஒரு கண்ணில் சின்னக் குப்பி மாதிரி பூதக்கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"ஓ, ரொம்பப் பிடிக்குமே" என்றார்.

சம்மதம் கிடைத்துவிட்டது. தும்பி போனை உயர்த்தினாள். சத்தம் அடங்கியது. மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேஜைமேல் கன்னத்தைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டார். அவர் தலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடிகாரம், முகப்பு கழற்றப்பட்டு, வயிற்றுக்குள் இருக்கும் சக்கரங்கள் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. கழற்றிய வட்ட முகப்பு சுவரில் சாய்ந்திருந்தது.

சுற்றிலும் முப்பத்திரண்டு கடிகாரங்கள் விழித்திருக்க, கடைக்காரர் மட்டும் தூங்குகிறார். இப்படி ஒரு காட்சி தேடினாலும் கிடைக்காது. தும்பி கிளிக் செய்தாள்.

அன்றைய படம் முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம் என்பதுதான் அவள் கணக்கு. அம்மாவின் பழைய போன் அது. மூலையில் கண்ணாடி விரிசல், உள்ளே இடமும் குறைச்சல். கண்டதையும் எடுத்தால் நிரம்பிவிடும். அதனால் சாயங்காலம் அப்பாவோடு நடக்கப் போகும்போது தெருவெல்லாம் பார்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று மனசுக்குள் சண்டை போட்டு, ஒன்றே ஒன்றை எடுப்பாள். நாற்பது நாளாக ஒரு நாளும் தவறியதில்லை.

அப்பாவுக்கு பேக்கரியில் வேலை. விடிவதற்கு முன்னால் போய், மதியம் வந்து, ஒரு மணி நேரம் தூங்கி எழுந்ததும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டிலேயே உட்கார்ந்தால் தானும் ஒரு மாவு மூட்டை ஆகிவிடுவேன் என்பார். தச்சுப் பட்டறை, சலவைக் கடை, பூங்காவின் பின்வாசல், நூலகம் என்று அவர்கள் போகும் பாதையில் எல்லாருக்கும் அவர்களைத் தெரியும்.

"கேட்டுட்டுத்தானே எடுத்தே?" என்றார் அப்பா, சலவைக் கடை திருப்பத்தில்.

"கேட்டேன்ப்பா. ரொம்பப் பிடிக்கும்னு சொன்னார்."

"அப்ப சரி."

அடுத்த வாரம் நூலகத்தின் மாடிப்படிச் சுவரில் தும்பி அன்றுவரை எடுத்திருந்த நாற்பது படங்களும் ஏறின. நூலகர் அக்காதான் யோசனை சொல்லி, படங்களை அச்சிட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒட்ட ஒரு சின்ன அட்டையும் தந்தார். ஸ்கூட்டர் இருக்கையில் உட்கார்ந்த பூனைக்கு, 'ஓட்டுநர் வரவில்லை' என்று எழுதினாள் தும்பி. கொடியில் காயும் ஏழு சட்டைகளுக்கு, 'ஒரே மாதிரி ஏழு பேர்'. கடிகார மாமாவின் படத்துக்குக் கொஞ்சம் யோசித்து, 'ஐந்து மணித் தூக்கம்' என்று எழுதினாள்.

அந்தப் படம்தான் வெற்றி. படி ஏறுபவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்றார்கள். சிரித்தார்கள். பக்கத்தில் வருபவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்கள். தச்சர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, என் கடிகாரம் ஏன் ஒரு மாசமாக வரவில்லை என்று இப்போதுதான் புரிகிறது என்றார். தும்பிக்குக் கால் தரையில் படவில்லை.

புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்தான் கால் தரையில் பட்டது.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து முறைத்துவிட்டு வருவதால், வீட்டுக்கு வந்ததும் பேச ஆரம்பித்தால் நிறுத்தமே கிடையாது. அன்றைக்கு டிப்போ கதை. டிப்போ வாசலில் இருந்த பெரிய கடிகாரம் பழுதுபார்க்கப் போய் இரண்டு வாரம் ஆகிறது. அதிலிருந்து ஒவ்வொரு ஓட்டுநரும் தன் கைக்கடிகாரம்தான் சரி என்கிறாராம். இன்று ஒன்பதாம் எண் வண்டியும் பத்தாம் எண் வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பி, வாசலில் நான்தான் முதலில், நான்தான் முதலில் என்று நின்றுகொண்டிருந்தனவாம்.

"நம்ம மேனேஜருக்குக் கோபம் வந்தா மீசைதான் முதல்ல ஆடும்" என்றார் அம்மா. "பாவம், முதல் வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி நாலு மணிக்கே வந்து நிக்கிற மனுஷன். நேத்து நூலகத்துப் பக்கம் போனாராம். அங்க ஒரு படம். நம்ம டிப்போ கடிகாரம் வயித்தைத் திறந்து கிடக்கு, பக்கத்துல கடைக்காரர் சொகமா தூங்குறார். மீசை எப்படி ஆடியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க."

அம்மா சிரித்தார். வாலு தன் இல்லாத மீசையை ஆட்டிக் காட்டினான். தும்பி மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு நேர்ல போய்க் கடிகாரத்தைத் திருப்பி வாங்கப் போறாராம். தூங்குமூஞ்சிக்கிட்ட எல்லாம் இனிமே வேலை கொடுக்க மாட்டேன்னு..." என்று சொல்லிக்கொண்டே போன அம்மா, தும்பியின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று பிரேக் போட்டார். "ஏய், அது நீ எடுத்த படமா?"

நூலகப் படிக்குப் போக அம்மாவுக்கு இன்னும் நேரம் கிடைத்திருக்கவில்லை. தும்பி தலையை மட்டும் அசைத்தாள்.

அப்பா மெதுவாகச் சொன்னார். இரண்டு நாளாகக் கடிகாரக் கடை பாதி மூடியே கிடக்கிறதாம். தாண்டிப் போகிறவர்கள் ஏதாவது கேலி சொல்லிவிட்டுப் போகிறார்களாம். தச்சரும் தன் கடிகாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாராம்.

அன்று தும்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாலுவுக்கு அவள் பங்கும் சேர்ந்து இறங்கியது.

மறுநாள் பள்ளி விட்டதும் தும்பி நேராக நூலகத்துக்கு ஓடினாள். அப்பாவும் வாலுவும் பின்னால் வந்து சேர்வதற்குள், படியில் எக்கி நின்று அந்தப் படத்தைக் கழற்றிவிட்டாள்.

நூலகர் அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "அதை ஏன் எடுக்கிறே? அதைப் பார்க்கத்தானே இத்தனை பேர் வர்றாங்க?"

"அதனாலதான் அக்கா எடுக்கிறேன்."

அக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு, இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்து, படம் கசங்காமல் இருக்க அதில் போட்டுக் கொடுத்தார்.

கடையின் கதவு பாதி மூடியிருந்தது. இவர்கள் போய்ச் சேரும்போது ஒரு ஆள் தலையை உள்ளே நீட்டி, "விடிஞ்சு போச்சுங்க, எழுந்திருங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். உள்ளே கடிகார மாமா மேஜையிலிருந்து தலையைத் தூக்கி, "முந்நூத்தி ஆறு... போச்சு" என்று பெருமூச்சு விட்டார்.

தும்பியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. உட்காரச் சொல்லவில்லை. ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடி ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தார்.

தும்பி உறையை மேஜைமேல் வைத்தாள். படத்தைக் கழற்றிவிட்டதாகவும், தெரியாமல் செய்துவிட்டதாகவும், ஆனால் கேட்டுவிட்டுத்தான் எடுத்ததாகவும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"என்கிட்ட நீ எப்பம்மா கேட்டே?"

"அஞ்சு மணி அடிக்கும்போது. படம் பிடிக்கலாமான்னு கேட்டேன். ரொம்பப் பிடிக்குமேன்னு சொன்னீங்க."

மாமாவின் கை நின்றது. அவர் யோசித்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தச் சத்தத்துல, உங்களுக்குப் படம் பிடிக்குமான்னு கேட்கிறேன்னு நினைச்சேன். நம்மகிட்ட சினிமாவைப் பத்தி யாரு கேட்கிறாங்க, கேட்கிற பிள்ளைக்கு ஒழுங்கா பதில் சொல்லுவோம்னு சொன்னேன்."

"உங்களுக்கு என்ன படம் பிடிக்கும்?" என்றான் வாலு, விஷயத்தின் முக்கியமான பகுதியைப் பிடித்துக்கொண்டு.

"சண்டைப் படம்" என்றார் மாமா. சொன்ன பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டார்.

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார். ஆனால் மாமா சிரிக்கவில்லை. உறையிலிருந்து படத்தை எடுத்து, கீழே ஒட்டியிருந்த அட்டையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"படம் கூடப் பரவாயில்லை. இந்த ரெண்டு வார்த்தைதான். நான் தூங்கலைம்மா."

தும்பி படத்தையே மறுபடி பார்த்தாள். கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது? அவள் நம்பவில்லை என்பது மாமாவுக்குப் புரிந்தது. மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உட்காரு. காதை மேஜைமேல வை. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதே."

தும்பி உட்கார்ந்து கன்னத்தைச் சாய்த்தாள். மரம் குளிர்ந்திருந்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. எல்லாக் கடிகாரங்களும் சேர்ந்து மழை மாதிரி பெய்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்த மழை தூரமாகப் போனது. மரத்துக்குள்ளிருந்து கனமான ஒரு சத்தம் மட்டும் தனியாக ஏறி வந்தது. டக். டக். டக். டக். பெரிய பூட்ஸ் போட்ட ஒருவர் அவசரமில்லாமல் நடந்து வருகிற மாதிரி.

டக். டக். ட... டக்.

நடந்து வந்தவருக்குக் கால் இடறியது.

"அக்கா தூங்குறா!" என்றான் வாலு.

தும்பி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். எப்போது மூடினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாலு விரலை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் காது வரை சூடேறியது.

"நான் ஒண்ணும் தூங்கலை. கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள் வெடுக்கென்று.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மாமா அவளையே பார்த்தார்.

"இடறுச்சு மாமா" என்றாள் தும்பி, மெல்லிய குரலில். "ஒரே ஒரு தடவை."

"அதேதான். கடிகாரத்துக்கு விக்கல்."

பிறகு மாமா விளக்கினார். உள்ளே இருக்கும் ஏதோ ஒரு சக்கரத்தில் ஒரு பல் வளைந்திருக்கிறது. அந்தப் பல் சுற்றி வரும்போதெல்லாம் ஒரு விக்கல். அதனால்தான் டிப்போ கடிகாரம் நாளுக்கு ஏழு நிமிஷம் பின்னால் போகிறது. எந்தச் சக்கரம் என்று கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு சின்ன வளைவு. ஒரு விக்கலிலிருந்து அடுத்த விக்கல் வரைக்கும் எத்தனை டக் என்று எண்ணிவிட்டால் போதும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு எண்ணிக்கை உண்டு. எண் கிடைத்தால் ஆள் அகப்பட்டுவிடும்.

"எண்ண வேண்டியதுதானே?" என்றான் வாலு. "எனக்கு நூறு வரைக்கும் தெரியும்."

"எனக்கும் தெரியும்டா. ஆனா நூறைத் தாண்டி, இருநூறைத் தாண்டி, முந்நூறுக்கு வரும்போது எவனாவது வந்து, எழுந்திருங்கன்னு கத்தினா? ரெண்டு நாளா அதுதான் நடக்குது. முன்னாடியாவது கடைக்கு வர்றவங்க மட்டும்தான் கூப்பிடுவாங்க. இப்ப தெருவே கூப்பிடுது."

தும்பி மேஜைமேல் இருந்த அட்டையைப் பார்த்தாள். தன்னுடைய இரண்டு வார்த்தை, மாமாவின் பெயரையும் கெடுத்து, வேலையையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

"மேனேஜர்கிட்ட சொன்னீங்களா மாமா?"

"போன்ல சொன்னேன். நான் தூங்கலை சார், எண்ணிக்கிட்டிருந்தேன்னேன். கனவுலயான்னு கேட்டுட்டு வச்சுட்டார். அஞ்சு மணிக்கு வர்றார். எந்தச் சக்கரம்னு காட்டினா நம்புவார். காட்ட முடியலைன்னா, திறந்து போட்டபடியே தூக்கிக்கிட்டுப் போவார்."

சுவரில் இருந்தவை எல்லாம் நாலே முக்காலைத் தாண்டியிருந்தன. ஐந்து மணிக்கு முப்பத்திரண்டும் கத்த ஆரம்பித்தால் அதற்குப் பிறகு எண்ணவும் முடியாது.

தும்பி எழுந்தாள். மாமாவின் பென்சிலைக் கேட்டு வாங்கினாள். 'ஐந்து மணித் தூக்கம்' அட்டையைப் படத்திலிருந்து பிய்த்து, திருப்பி, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'கேட்டுக்கொண்டிருக்கிறார். கூப்பிடாதீர்கள்.' அதைக் கதவுக் கண்ணாடியில் ஒட்டினாள்.

"நீங்க எண்ணுங்க மாமா. யாரையும் உள்ளே விட மாட்டோம்."

அப்பா தெருப் பக்கம் நின்றார். வாலுவைப் படியில் உட்காரவைத்து, பேசாமல் இருந்தால் நாளைக்கு நடக்கப் போகும் பாதையை அவனே தேர்ந்தெடுக்கலாம் என்று தும்பி சொன்னாள். வாலு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். தும்பி கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா கன்னத்தைச் சாய்த்தார்.

அடுத்த விக்கல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தும்பி மாமாவின் வலது கை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசைவே இல்லை. பிறகு திடீரென்று அந்த விரல் மேஜைமேல் தட்டத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று.

தச்சர் வந்தார். அட்டையைப் படித்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தவரை, அப்பா தோளில் கை போட்டுக் கொஞ்ச தூரம் அழைத்துக்கொண்டு போனார். கேலி சொன்ன ஆள் திரும்பி அதே வழியாக வந்தார். வாலு வாயைப் பொத்தியபடியே கண்ணை உருட்டி முறைத்ததில் அவர் எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு மீசை தெரிந்தது.

டிப்போ மேனேஜர் ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். நேரம் தவறாத மனிதர் என்றால் இதுதான் தொல்லை. நேராக வந்து கதவில் கை வைத்தார். தும்பி கதவுக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள்.

"சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க. அவர் எண்ணிக்கிட்டிருக்கார்."

மேனேஜர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மீசை ஆடியது. "நல்லா எண்ணுறார். நான் நூலகத்துலேயே பார்த்தேன்."

"அந்தப் படத்தை எடுத்தது நான்தான் சார். தூக்கம்னு எழுதினதும் நான்தான். அவர் சொல்லலை, நானா எழுதினது. தப்பா எழுதிட்டேன்."

மேனேஜர் அவளைக் குனிந்து பார்த்தார். பத்து வயதுப் பெண் ஒருத்தி கதவை மறித்துக்கொண்டு நிற்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கு வேலை கிடக்கிறது, ஒரு நிமிஷம்கூட வீணாக்க முடியாது என்றார்.

"நாலு நிமிஷம் சார்."

"நாலு நிமிஷமா? ஒரு பஸ் நாலு நிமிஷம் தாமதமானா எத்தனை பேர் திட்டுவாங்க தெரியுமா?"

"தெரியும் சார், எங்கம்மா பஸ்தான் ஓட்டுறாங்க. உங்க கடிகாரம் ஏன் தாமதமாகுதுன்னுதான் அவர் எண்ணிக்கிட்டிருக்கார். இப்பக் கூப்பிட்டா மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும். படத்தை நம்பி இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. படம் எடுத்தவளை நாலு நிமிஷம் நம்பக் கூடாதா சார்?"

மேனேஜர் சும்மா நிற்கப் பிடிக்காமல் கண்ணாடி வழியாக மறுபடி பார்த்தார். இந்த முறை கொஞ்சம் நேரம் பார்த்தார். மாமாவின் கண்கள் மூடியிருந்தன. ஆனால் உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. விரல் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"உதடு அசையுதே" என்றார் மேனேஜர்.

"படத்துல அது வராது சார்."

அவர் மீசை ஆடுவதை நிறுத்தியது. படியில் வாலுவுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு, உட்காராமல் நின்றார். தும்பி மூச்சைக்கூட எண்ணி எண்ணி விட்டாள்.

சட்டென்று உள்ளே மாமா எழுந்தார். சுண்ணக்கட்டியை எடுத்து மேஜையில் பெரிதாக எழுதினார்: 480. கதவைத் திறந்து, "மூணாவது சக்கரம்! மூணாவ..." என்று அவர் ஆரம்பிக்கும்போது, டாங்! டிங்! டாங்! குக்கூ!

மேனேஜரும் மாமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மாறி மாறிக் கத்தினார்கள். ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை. குண்டுக் கடிகாரம் கடைசி மணியை அடித்து முடித்தபோது இருவரும் களைத்துப் போயிருந்தார்கள்.

சத்தம் ஓய்ந்ததும் மாமா நிதானமாக விவரத்தைச் சொன்னார். மேனேஜர் கேட்டார். கடிகாரத்துக்கு விக்கல் என்பதை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை. இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒரு காரணத்தை யாரும் சொன்னதில்லை என்றார்.

"நீங்களே கேட்டுப் பாருங்க சார்" என்றாள் தும்பி, நாற்காலியைத் தள்ளி. "நொடிக்கு ஒரு டக், எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை விக்கல் வரும். கன்னத்தைச் சாய்ச்சுக்கணும்."

மேனேஜர் தெருவைப் பார்த்தார், யாரும் பார்க்கிறார்களா என்று. தொப்பியைக் கழற்றி வைத்தார். உட்கார்ந்து, மீசை நசுங்காமல் பார்த்துக்கொண்டு, கன்னத்தை மரத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கண்களும் தாமாக மூடிக்கொண்டன. கடையில் யாரும் அசையவில்லை.

மூன்று நிமிஷம் போயிருக்கும். அவருடைய புருவம் இரண்டும் மேலே ஏறின.

"வந்துச்சு" என்றார், கண்ணைத் திறக்காமலே. "நிஜமாவே விக்குது."

மாமா தும்பியைப் பார்த்தார். தும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"கடிகாரம் இங்கேயே இருக்கட்டும். சனிக்கிழமை வரைக்கும் எடுத்துக்குங்க. வேலையை நீங்களே முடிச்சுக் கொடுங்க" என்றார் மேனேஜர், மேஜையோடு பேசுகிற மாதிரி. "பொறுங்க, இன்னொரு தடவை வரட்டும். நானும் எண்ணிப் பார்க்கிறேன். ஒண்ணு... ரெண்டு..."

அவர் எண்ணிக்கொண்டிருக்கையில், மாமா படத்தைத் தும்பியிடம் திருப்பிக் கொடுத்தார். போய் பழைய இடத்திலேயே மாட்டு, கதவில் இருக்கும் அட்டையையும் கீழே ஒட்டிவிடு என்றார். அந்தப் படத்தில் தன் தலைமுடி நன்றாக விழுந்திருக்கிறதாம். இரண்டு நாளாகக் கோபத்தில் அதைக் கவனிக்கவில்லையாம்.

தும்பி சிரித்துக்கொண்டே உறையைப் பையில் வைக்கும்போது வாலு அவள் சட்டையை இழுத்தான்.

மேனேஜரின் விரல் நின்றுபோயிருந்தது. உதடும் நின்றுபோயிருந்தது. மீசை மட்டும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேஜைக்குள்ளிருந்து டக், டக் என்ற சத்தத்தோடு, கொர், கொர் என்று இன்னொரு சத்தமும் சேர்ந்து வந்தது. விடிகாலை நாலு மணிக்கே டிப்போவுக்கு வந்த மனிதர்.

"அக்கா, எடு, எடு" என்றான் வாலு, வாயைப் பொத்திய விரல்களுக்கு நடுவே.

தும்பியின் கை பைக்குள் போனது. அன்றைய படம் இன்னும் எடுக்கவில்லை. ஜன்னல் வழியே வந்த மஞ்சள் வெயில் மேனேஜரின் வழுக்கையில் அழகாக விழுந்திருந்தது. சுற்றிலும் முப்பத்திரண்டு கடிகாரங்கள். போனவாரப் படத்தைவிட இது பத்து மடங்கு நல்ல படம். அவள் அந்தரத்தில் நின்ற மாதிரி அப்படியே நின்றாள்.

பிறகு கையை வெறுமனே வெளியே எடுத்தாள். வாலுவை இழுத்துப் போய்ப் படியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

ஐந்தரைக்கு எல்லாக் கடிகாரங்களும் ஒவ்வொரு மணி அடித்தன. மேனேஜர் துள்ளி எழுந்தார். கன்னத்தில் மரத்தின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. தொப்பியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். மாமா ஒரு கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா கூரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் வாசலுக்கு வந்து, தும்பியின் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார். "நீ என்னைப் படம் ஏதும் எடுத்தியாம்மா?"

"இல்லை சார். நீங்க எண்ணிக்கிட்டிருந்தீங்க, நடுவுல எப்படிக் கேட்கிறதுன்னு விட்டுட்டேன்."